உப்பைக் குறைக்கக் கூடாத கல்லடைப்பு

சிறுநீரகத்தில் கல் என்று சொன்னால் கடலூரில் யாரும் பெரிதாக அதிர்ந்துபோவதில்லை. எந்தத் தெருவிலும் அந்த வலியை அனுபவித்த சிலர் இருப்பார்கள். ஆளுக்கொரு வைத்தியமும் கைவசம் வைத்திருப்பார்கள். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளை, பார்லிக் கஞ்சி என்று பட்டியல் நீளும். கூடவே ‘உப்பைக் குறை, பாலைத் தொடாதே, தக்காளியில் விதையை எடுத்துவிடு’ என்ற மூன்று கட்டளைகளும் வந்துவிடும். இவற்றில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணம், கல் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே என்னோடு இருந்துவரும் இன்னொரு நோய். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற அந்த நோயையும் கல்லையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சி.எஃப். என்று சுருக்கமாகவே சொல்கிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே இந்த நோய் உண்டாகும். என் அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். நம் பக்கத்தில் இது வெகு சாதாரணம் என்பதையும், சொந்தத்தில் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இரு பக்கமும் ஒளிந்திருக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர். என்ற அந்த மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. செல்லின் மேற்பரப்பில் குளோரைடு போய்வரும் வாயிலாக அமையும் ஒரு புரதத்தை அது உருவாக்குகிறது. அந்த வாயில் சரியாகத் திறக்காவிட்டால் நுரையீரலில் சளி கெட்டியாகித் தங்கிவிடுகிறது. கணையத்தின் நாளங்கள் அடைபட்டு, செரிமான நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. வியர்வையோடு வரும் உப்பு மீண்டும் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. சிறுவயதில் விளையாடிவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால், சற்று நேரத்தில் என் நெற்றியிலும் புறங்கழுத்திலும் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கும். கடற்கரை ஊர்தானே என்று அம்மா அதை முந்தானையால் துடைத்துவிடுவார்.

இருமலும் மெலிந்த உடம்பும் உள்ள குழந்தை என்றால் அந்நாளில் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று எழுதிக் காசநோய் மருந்து கொடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. எனக்கும் அது கொடுக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் வேலூரில் வியர்வைப் பரிசோதனை செய்தார்கள். வியர்வையில் லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் சி.எஃப். என்று கொள்ளலாம், என்னுடையது அதைவிட வெகு உயரத்தில் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் நொதி மாத்திரை, காலையும் மாலையும் நெபுலைசர், சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி, அவ்வப்போது நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் என்று நாட்கள் ஒரு முறைக்கு வந்தன. கல் வந்தது இருபதுகளின் நடுவில்.

சி.எஃப். உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேருக்குச் சிறுநீரகக் கல் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதே வயதுடைய மற்றவர்களிடம் இது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. எல்லோருடைய கவனமும் நுரையீரலைக் காப்பாற்றுவதிலேயே இருந்ததால், சிறுநீரகம் என்ற சொல் எங்கள் வீட்டிலும் மருத்துவமனையிலும் எழுந்ததே இல்லை. ஆகவே முதல் வலி வந்த இரவில் அது கல் என்று யாருக்கும் தோன்றவில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி என்றால், எனக்கு அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். குடல்வால் அங்கேதான் இருக்கிறது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் கெட்டிப்பட்ட மலமும் கோழையும் அடைத்துக்கொள்வது சி.எஃப். உள்ளவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லை. அதுவும் அதே இடத்தில்தான் வலிக்கும். குடல்வால் வலி வந்தவர் அசையாமல் சுருண்டு கிடப்பார், கல் வலி வந்தவர் ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழுந்தும் உட்கார்ந்தும் தவிப்பார் என்பதை இப்போது நான் அறிவேன். அன்று நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன்.

கொண்டுபோன தனியார் மருத்துவமனையில், நுரையீரல் தொற்றுக்காக அமிகாசின் ஊசி போய்க்கொண்டிருக்கிறது என்று அண்ணன் மீண்டும் மீண்டும் சொல்லியும், பணியிலிருந்த மருத்துவர் டைக்ளோஃபெனாக் ஊசியைப் போட்டுவிட்டார். கல் வலிக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று. வேறொருவருக்குப் போட்டிருந்தால் சரியான சிகிச்சை என்றே சொல்வேன். ஆனால் அமிகாசின், டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகத்தை வாட்டக்கூடியவை. டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, இரத்தத்தில் ஏறிப்போன கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுவது) அடுத்த வாரம் காட்டியது. அது பழைய நிலைக்கு இறங்கியது என் நல்ல காலம். டிரமடால் கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் குடல் இயக்கம் மந்தமாகி மேலே சொன்ன அடைப்பு வந்துவிடும். ஆகவே எனக்கு இப்போது நரம்பு வழியாகப் பாராசிட்டமால், அது போதாவிட்டால் சிறிதளவு டிரமடாலோடு மலமிளக்கிப் பொடியும் சேர்த்து என்று என் நுரையீரல் மருத்துவர் தம் முத்திரையோடு எழுதிக் கொடுத்த தாள் ஒன்று கைப்பையிலேயே இருக்கிறது. சி.எஃப். உள்ள எவரும் அப்படி ஒரு தாளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வலியில் துடிக்கும்போது விளக்கிச் சொல்ல வாய் வராது.

சரி, கல் ஏன் வருகிறது? கல் இருப்பது சிறுநீரகத்தில் என்றாலும் என்னைப் போன்றவர்களுக்கு அதன் தொடக்கம் குடலில் இருக்கிறது. புதுச்சேரியில் என்னைப் பார்க்கும் சிறுநீரியல் மருத்துவர் இதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கியபோதுதான் எனக்கு எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றது. கீரை, முந்திரி போன்ற கொட்டைப் பருப்புகள், தேநீர் என்று பலவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. சாதாரணமாகச் சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். கணைய நொதி போதாத குடலில் கொழுப்பு செரிக்காமல் மிஞ்சுகிறது. மிஞ்சிய கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிவிடுகின்றன. கால்சியத்தை இழந்த ஆக்சலேட் தனியே நின்று, பெருங்குடல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே சிறுநீரிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. குடலில் நடந்திருக்க வேண்டிய சேர்க்கை சிறுநீரகத்தில் நடப்பதுதான் என் கல்.

இதற்குத் துணைபோகும் காரணங்களும் சில உள்ளன. ஆக்சலேட்டை மட்டுமே உண்டு வாழும் ஆக்சலோபேக்டர் என்ற நல்ல பாக்டீரியா பலருடைய குடலில் குடியிருக்கிறது. சி.எஃப். உள்ளவர்களில் பெரும்பாலோரின் குடலில் அது இல்லை என்று 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குகளுக்கு அது தப்பிப் பிழைப்பது கடினம். போதாக்குறைக்கு, குடல் தன் சுவர் வழியாக ஆக்சலேட்டைத் திரும்ப வெளியே தள்ளும் வேலைக்கும் அதே சி.எஃப்.டி.ஆர். புரதம் தேவைப்படுவதாக 2017இல் எலிகளில் செய்த சோதனைகள் தெரிவித்தன. சிறுநீரில் படிகம் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட் எங்களுக்குக் குறைவாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பும் நீரும் வியர்வையில் போய்விடுவதால் சிறுநீரே குறைகிறது.

இந்தப் படத்தைப் புரிந்துகொண்ட பிறகு என் நொதி மாத்திரையை நான் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. எடை கூடுவதற்காக என்று அதுவரை விழுங்கிவந்த கிரியான் மாத்திரைதான் எனக்குக் கல்லுக்கான முதல் மருந்தும். கொழுப்பு ஒழுங்காகச் செரித்தால் கால்சியம் சும்மா இருக்கும். கால்சியம் சும்மா இருந்தால் ஆக்சலேட்டைப் பிடிக்கும். ஆகவே இட்லிக்கு ஒரு கணக்கு, நெய் ஊற்றிய பொங்கலுக்கு வேறு கணக்கு என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது. வெறும் பழத்துக்குத் தேவையில்லை, ஆனால் மாலையில் தேநீரோடு தின்னும் ஒரு வடைக்குக் கட்டாயம் தேவை என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் இன்னும் தந்திரம் வேண்டும்: இலையில் முதல் இனிப்பு விழும்போது பாதியும், சாம்பாரிலிருந்து ரசத்துக்குப் போகும்போது மீதியுமாக விழுங்கினால்தான் பாயசம் வரை நொதி தாங்கும். பக்கத்து இலைக்காரர் ‘சர்க்கரையா?’ என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். மலத்தில் எண்ணெய் மிதந்தால் அளவு போதவில்லை என்று பொருள். அதற்காக இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு, கொழுப்பைச் செரிக்கும் நொதியான லிப்பேஸ் 10,000 அலகுகளைத் தாண்டினால் பெருங்குடல் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு என்பதால் அந்த வரம்பை மருத்துவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

அடுத்ததாக, எந்தக் கட்டளை எனக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று தீர்த்துச் சொன்னது 24 மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஸ்கேனில் கல்லின் அளவு தெரியும். அது ஏன் வந்தது என்பது இந்தப் பரிசோதனையில்தான் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேனைக் கொடுப்பார்கள். அதன் அடியில் சிறிது அமிலம் ஊற்றியிருப்பதால் நேரடியாக அதில் பிடிக்கக் கூடாது. ஒரு குவளையில் பிடித்து ஊற்ற வேண்டும். காலையில் எழுந்ததும் முதலில் போவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் போகும் ஒவ்வொரு சொட்டையும் சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் போவதோடு முடிக்க வேண்டும். விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் செய்யத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வஞ்சிரமும் வறுவலும் என்று வேறு சாப்பாடு. அந்தக் கணக்கு மற்ற ஆறு நாட்களுக்குப் பொருந்தாது. ஆகவே வாரநாளில் விடுப்புப் போட்டுவிட்டு, அலுவலகத்துக்குக் கட்டும் அதே தயிர்சாதத்தையும் பொரியலையும் டப்பாவில் போட்டு வீட்டிலேயே சாப்பிட்டேன். கேனை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிப் பேருந்தில் போனபோது, பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி ‘என்னம்மா, தேங்காய் எண்ணெயா?’ என்று கேட்டார்.

முடிவில் ஆக்சலேட் இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. சிட்ரேட் மிகக் குறைவு. சிறுநீரின் மொத்த அளவும் குறைவு. இவை எதிர்பார்த்தவைதான். உப்பிலிருந்து வரும் சோடியமும் குறைவாக இருந்தது என்பதுதான் முக்கியம். ஏனென்றால், கல் உள்ளவர்களை உப்பைக் குறைக்கச் சொல்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது: அதிகப்படியான சோடியம் சிறுநீரில் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சி.எஃப். இல்லாத யாருக்கும் அது சரியான அறிவுரை. இதைப் படித்துவிட்டு அவர்கள் ஊறுகாய் ஜாடியைத் திறக்க வேண்டாம். எனக்கோ உப்பு தோல் வழியாகவே போய்விடுகிறது. சிறுநீருக்கு வந்துசேரும் சோடியமே அற்பம் எனும்போது அதைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

குறைத்தால் கெடுதல் நேரும் என்பதைக் கடலூர் வெயில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே வெப்பத்தோடு கடலின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் வியர்வை காய்வதே இல்லை. உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. வேறொரு மருத்துவமனையில் எல்லாக் கல் நோயாளிகளுக்கும் கொடுக்கும் அச்சிட்ட உணவுத்தாளை எனக்கும் கொடுத்தார்கள்; முதல் வரியே ‘உப்பைக் குறைக்கவும்’. அம்மா அதை அப்படியே நம்பி உப்பில்லாமல் சமைத்தார். சில நாட்களில் கால்கள் பிடித்து இழுக்கத் தொடங்கின, வாந்தி வந்தது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கியிருந்தன. வெப்பநாடுகளில் சி.எஃப். உள்ளவர்களுக்கு இது நன்கு அறியப்பட்ட ஆபத்து. உப்பு குறையும்போது உடல் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு சிறுநீரைச் சுருக்கிவிடும்; பொட்டாசியம் இறங்கினால் சிறுநீரில் சிட்ரேட்டும் இறங்கும். கல்லைத் தடுப்பதற்காகச் சொன்ன அறிவுரை கல்லுக்கு உரமாகிவிடுகிறது.

இப்போது நான் நம்பியிருப்பது இரண்டு பானங்களை. ஒன்று, உப்புத் தூக்கலாகப் போட்ட நீர்மோர். நீர், உப்பு, கால்சியம் மூன்றும் ஒரே குவளையில் கிடைக்கின்றன. மற்றொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 2.6 கிராம் உப்போடு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்காக உருவாக்கப்பட்ட ஒரு பொருள், உப்பும் சிட்ரேட்டும் ஒருசேரத் தேவைப்படும் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கணையம் பழுதானவர்களுக்குச் சர்க்கரை நோயும் வரக்கூடும் என்பதால், அதிலுள்ள குளுக்கோஸைக் கணக்கில் எடுத்துக்கொண்டே குடிக்க வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்த்து வழியும் நாளில் அதை மட்டும் நம்பினால் எனக்குப் போதாது. பொட்டாசியம் சிட்ரேட் மருந்தும் சாப்பிடுவதால் இரத்தத்தில் பொட்டாசியத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறார்கள்.

முந்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்துக்காரி கல்லைப் பற்றி எழுத முடியாது. பண்ருட்டிக்கு அருகில் பெரியம்மாவுக்குத் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. பருப்பு உடைத்ததும் முதல் பொட்டலம் எனக்குத்தான் வரும். சி.எஃப். உள்ளவருக்கு மற்றவர்களைவிட அதிகக் கலோரி வேண்டும் என்பதால் ‘தினமும் ஒரு கைப்பிடி முந்திரி’ என்று உணவியல் நிபுணரும் எழுதிக் கொடுத்திருந்தார். முந்திரியிலும் பாதாமிலும் ஆக்சலேட் மிகுதி. கல் வந்த பிறகு அந்தக் கைப்பிடி போய்விட்டது. பெரியம்மாவுக்கு இது பெரும் மனக்குறை. ‘நம்ம கொல்லைப் பருப்பு என்ன பண்ணும் பாப்பா?’ என்று இன்றும் கேட்கிறார். அதை ஈடுகட்ட நெய், தேங்காய், முட்டை, நல்லெண்ணெய் என்று மாறிக்கொண்டேன். கொழுப்பைக் குறைத்துக் கல்லைத் தடுக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். எடை இறங்கினால் நுரையீரலும் சேர்ந்து இறங்கும் என்பதால் என் நுரையீரல் மருத்துவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நெய்யிலும் எண்ணெயிலும் ஆக்சலேட் கிடையாது. நொதி சரியாக இருக்கும்வரை அவை எனக்குப் பகையில்லை.

கீரையை நான் முற்றிலும் விடவில்லை. பசலை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றைக் குறைத்துவிட்டேன். எப்போதாவது சமைத்தால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தயிரோடு சேர்த்துச் சாப்பிடுகிறேன். நீரில் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும், மீதியைத் தயிரின் கால்சியம் பார்த்துக்கொள்ளும். பாலைத் தொடாதே என்ற கட்டளை எவருக்கும் வேண்டாத கட்டளை. சாப்பாட்டோடு சேரும் கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் கூடத்தான் செய்யும். எங்களுக்கு எலும்பும் எளிதில் நலிவதால் அது இரட்டைக் கெடுதல். தக்காளியில் ஆக்சலேட் சொற்பம். விதையை எடுப்பது வீண் வேலை. வைட்டமின் சி மாத்திரைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. சளி பிடிக்கும்போதெல்லாம் கடையில் கேட்டு வாங்கிச் சப்பும் அந்த மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டால் உடலில் அதில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறுகிறது. இருமலோடு வாழும் எங்களுக்கு அதை அன்போடு வாங்கிவந்து கொடுக்க எப்போதும் யாராவது இருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல எளிது: நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு போகிறது என்பதே கணக்கு. மே மாதத்தில் நான்கு லிட்டர் குடித்தாலும் எனக்கு அந்த அளவு வருவதில்லை. இதைச் சொல்லும் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, போவதற்கு இடம் வேண்டும் என்பது. நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை இரண்டு மாடி ஏறி இறங்கினால்தான்; இருமிக்கொண்டே படியேறுவது எனக்குத் தனிச் செலவு. கூட வேலை பார்க்கும் அக்காக்கள் பலர் காலையில் ஒரு வாய், மதியம் ஒரு வாய் என்று தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. அவர்களில் சிலருக்குக் கல் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு மணிநேரப் பயணம் என்பது பேச்சுக்குத்தான். அரியாங்குப்பத்தில் வண்டிகள் சிக்கிக்கொண்டால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பேருந்து நிலையக் கழிப்பறைகளை நினைத்தே பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் நான் ஏறுவதற்கு முன் குடிக்காமல், இறங்கிய பிறகு சேர்த்துக் குடித்துக்கொள்கிறேன். இரவில் படுக்கும் முன் ஒரு பெரிய குவளை குடித்து, நடுவில் ஒருமுறை எழுந்துகொள்வதையும் வழக்கமாக்கிக்கொண்டேன், ஏனென்றால் சிறுநீர் கெட்டிப்படுவது தூங்கும் நேரத்தில்தான் அதிகம்.

பாகூரில் இருக்கும் மாமாவிடம் இதற்கெல்லாம் சுலபமான மாற்று இருந்தது. ‘ரெண்டு பீர் குடிச்சா கல்லு தானா எறங்கிடும்மா, நான் வாங்கியாந்து தர்றேன்’ என்றார். அம்மா முறைத்த முறைப்பில் பேச்சு மாறிவிட்டது. பாண்டி எல்லைக்கு அருகில் வாழ்பவர்களுக்குக் கல் ஒரு நல்ல சாக்கு என்பது என் எண்ணம். பீர் குடித்தால் சிறுநீர் அதிகம் போகும், அவ்வளவுதான். கால்சியம் ஆக்சலேட் கல் எதைக் குடித்தாலும் கரையாது, பின்னால் உடல் வற்றிப்போவதும், சி.எஃப். உள்ளவரின் கல்லீரலுக்கு அது ஆகாது என்பதும் தனி. கஷாயங்களை நான் சாப்பிடுவதில்லை. அவற்றைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. இவ்வளவு மருந்துகளோடு எது எதோடு மோதும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதபோது சும்மா இருப்பது மேல். வாழைத்தண்டுப் பொரியல் பிடிக்கும், அதனால் சாப்பிடுகிறேன்.

5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். எனக்கு ஒன்று அப்படி இறங்கியது. டீ வடிகட்டியில் பிடித்துப் பார்த்தபோது எள்ளைவிடச் சற்றுப் பெரியதாக, பழுப்பு நிறத்தில், முள்முள்ளாக இருந்தது. இவ்வளவு சிறியதா அவ்வளவு ஆட்டம் போட்டது என்று அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் கால்சியம் ஆக்சலேட் என்று உறுதி செய்தார்கள். இன்னொன்று சிறுநீர்க் குழாயின் நடுவில் சிக்கிக்கொண்டதால் உள்நோக்கிக் குழாய் விட்டு லேசரால் உடைக்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்கு இது ஓரிரு நாள் வேலை. எனக்கு அதற்கு முன்பாக நரம்பு வழி ஆன்டிபயாடிக் கொடுத்து நுரையீரலைத் தேற்றினார்கள். முழு மயக்கம் கொடுக்காமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள்.

கல்லை உடைத்ததைவிட, பின்னால் உள்ளே விட்டிருந்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மென்குழாய்தான் படுத்தியெடுத்தது. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே அது திறந்த வழியாக இருப்பதால், இருமும்போது சிறுநீர்ப்பையில் ஏறும் அழுத்தம் அப்படியே மேலே போய் முதுகில் குத்தும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தங்கும். சளி தங்கினால் காய்ச்சல் வரும். மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் சிறுநீர்ப்பையை முழுவதும் காலி செய்துவிட்டு, முன்பக்கமாகச் சாய்ந்து, ஒரு தலையணையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமினால் பாதி வலி குறைகிறது என்பதை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். ஸ்டென்ட் போட்டிருக்கும் சி.எஃப்.காரர்கள் இதைச் செய்துபார்க்கலாம். எடுக்கச் சொன்ன தேதியில் அதை எடுத்துவிட வேண்டும். கல் படியும் உடம்பில் ஸ்டென்டின் மேலும் கல் படியும்.

பழுதான புரதத்தையே சரிசெய்யும் மூன்று மருந்துக் கூட்டு ஒன்று 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்ட அந்த மருந்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே நொதியும் உப்பும் மோரும்தான்.

இப்போது இடது சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் சிறிய கற்கள் இரண்டு இருக்கின்றன. வலி இல்லை, அடைப்பு இல்லை; வளராமல் இருக்கும்வரை தொட வேண்டாம் என்று சிறுநீரியல் மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் ஒன்றாகத் தீர்மானித்திருக்கிறார்கள். கதிர்வீச்சைக் குறைப்பதற்காக சி.டி. எடுக்காமல் அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவருகிறார்கள். மார்கழியில் எடுத்த 24 மணிநேரப் பரிசோதனையில் சிறுநீரின் அளவு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பனிக்காலக் கணக்கை வைத்துக் கோடைக்கு மருந்து எழுத முடியாது என்பதால், அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு முறை எடுத்துவரச் சிறுநீரியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்தமுறை கேனைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் வேண்டுமாம். தயிருக்குப் பக்கத்தில் அதை வைக்க அம்மா சம்மதிக்க மாட்டார் என்பதால், அண்ணன் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்.